வாஃபிள், பான்கேக்குக்கு மோர் சாஸ்: பொங்கி வழியாமல், பூத்துப் போகாமல் காய்ச்சுவது எப்படி?

காலைப்பலகாரம்:

பான்கேக், வாஃபிள் ரெண்டுக்கும் மேலே ஊத்திக்கிற மாதிரி ஒரு இனிப்பு சாஸ் வீட்டிலேயே காய்ச்சி வெச்சுக்கணும். கடையில பான்கேக் சிரப்னு விக்கிறதுல பெரும்பாலும் சோளச் சிரப்பும் நிறமும் வாசனையும்தான் இருக்கு. அசல் மேப்பிள் சிரப் வாரா வாரம் வாங்கிக் கட்டுப்படி ஆகாது. அமெரிக்க வீடுகள்ல செய்யற பட்டர்மில்க் சிரப்தான் செய்யப் பாக்குறேன். வெண்ணெய், சர்க்கரை, மோர், ஆப்ப சோடா, வெனிலா, அவ்வளவுதான் சாமான். ஆனா ஒவ்வொரு குறிப்புலயும் அளவும் முறையும் வேற வேறயா இருக்கு. தெரிஞ்சவங்க கொஞ்சம் தெளிவுபடுத்துங்க.

மோர்னா நம்ம வீட்டு மோரா, வேறயா? சோடாவை முதல்லயே போடணுமா, இறக்கினப்புறமா? ஒரு குறிப்புல அரைத் தேக்கரண்டி, இன்னொண்ணுல ஒரு தேக்கரண்டி, எது சரி? கொதிக்கும்போது நுரைச்சுப் பாத்திரத்தை விட்டு வெளிய வருது, வெள்ளை வெள்ளையா திப்பி மிதக்குது, ஃபிரிட்ஜில வெச்சா அடியில சர்க்கரை மணல் மாதிரி இறங்கிடுது. குலாப் ஜாமூன் பாகுக்குப் பிழியற மாதிரி இதுக்கும் எலுமிச்சை பிழிஞ்சா சரியாகுமா?

பாகுபதம்:

முதலில் அளவு. உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், வெள்ளைச் சர்க்கரை 200 கிராம், மோர் 120 மில்லி, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி (தலைதட்டி), லிக்விட் குளுக்கோஸ் ஒரு மேசைக்கரண்டி, வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. உப்பு வெண்ணெய் என்றால் அந்தச் சிட்டிகையும் வேண்டாம். காய்ச்சி முடித்தால் சுமார் ஒன்றரை கப் வரும்.

மோர் விஷயத்தில்தான் பலருக்கும் முதல் சறுக்கல். அமெரிக்கக் குறிப்பில் சொல்லும் பட்டர்மில்க், கிருமி சேர்த்துப் புளிக்க வைத்த கெட்டியான பால். கடைந்து வெண்ணெய் எடுத்த நம் மோரோ, தாளித்துக் குடிக்கும் நீர்மோரோ அது இல்லை. நீர்மோரை ஊற்றினால் அத்தனை தண்ணீரும் வற்றுவதற்குள் அடி பிடித்துவிடும், சாஸுக்கு உடம்பும் இருக்காது. அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் 90 கிராம், தண்ணீர் 30 மில்லி சேர்த்து மத்தால் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் அடித்தால் ஒரே ஒரு சுற்று போதும், அதற்கு மேல் ஓட்டினால் வெண்ணெய் திரண்டு நிற்கும். தயிர் இல்லையா? 120 மில்லி பாலில் ஒன்றரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். வேலை ஆகும். தயிரின் மணம் மட்டும் வராது.

பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். இந்த அளவுக்கு மூன்று லிட்டர் பிடிக்கும் அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். சாஸ் இருப்பது அரை லிட்டர்கூட இல்லை. ஆனால் நுரை மூன்று, நான்கு மடங்கு எழும்பும். அலுமினியம் வேண்டாம். புளிப்பும் சோடாவும் மாறி மாறிப் பட்டு உலோகம் கறுக்கும், சாஸிலும் அந்த வாடை ஏறும். கறுப்பு நான்ஸ்டிக்கில் செய்தால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது, கடைசிக் கட்டத்தில் அதுதான் ஆபத்து.

இனி சோடா. முதலில் போடுவதும் கடைசியில் போடுவதும் ஒரே சாஸைத் தராது. குறிப்புகள் முரண்படுவதுபோல் தெரிவதற்கு அதுதான் காரணம். வெண்ணெய், சர்க்கரை, மோர் மூன்றையும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கியபின் சோடாவும் வெனிலாவும் போட்டால் வெளிர் நிறத்தில், நுரை நிறைந்த, வெண்ணெய் வாசம் தூக்கலான சாஸ் கிடைக்கும். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சோடாவை முதலிலேயே போட்டு ஏழெட்டு நிமிடம் காய்ச்சினால் பாலின் சத்தும் சர்க்கரையும் சேர்ந்து சிவந்து, காரமல் ருசி வந்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் உயர்த்தி. பால் திரிவதையும் அது தடுக்கும்.

செய்முறை: அடுப்பை மூட்டும் முன்பே, குளிர்ந்த பாத்திரத்தில் மோரை ஊற்றிச் சோடாவைத் தூவிக் கலக்குங்கள். உடனே பொங்கி நுரைக்கும். இரண்டு நிமிடம் விட்டால் அடங்கும். பொங்குவதில் பாதி அங்கேயே, சூடேறும் முன்பே முடிந்துவிடும். அடுப்பில் வைத்துச் சர்க்கரை போட்டு, சிறு தீயில் அடியில் நறநறவென்று சத்தம் கேட்காத வரை கரையுங்கள். பிறகு வெண்ணெயும் குளுக்கோஸும். வெண்ணெய் உருகியதும் தீயை நடுத்தரமாக்கி, தட்டையான மரத்துடுப்பால் அடியை வழித்தபடி கிளறுங்கள். கொதி வந்ததும் நுரை ஏறும். அப்போது தீயைக் குறைக்க வேண்டுமே தவிர, கிளறுவதை நிறுத்தக் கூடாது. இரண்டு நிமிடத்தில் பெருநுரை தணிந்து, குமிழ் சிறுத்து, பளபளப்பு வரும். நிறம் வெள்ளையிலிருந்து வெளிர் மஞ்சளாகி, பால் தூக்கலான காபியின் நிறத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூட்டில் இன்னும் ஒரு படி சிவக்கும். அந்த ஒரு படியை விட்டுவைத்தே அணைக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆறியபின் வெனிலா. கொதியில் விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

பதம் பார்க்க, ஒரு எவர்சில்வர் தட்டை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வையுங்கள். அதில் அரைத் தேக்கரண்டி விட்டுச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும். தண்ணீராக ஓடினால் இன்னும் ஒரு நிமிடம். அப்படியே நின்றுவிட்டால் கூடிப்போயிற்று, ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுச் சரிசெய்யலாம். அடுப்பில் இருக்கும்போது எப்போதும் நீர்த்துத்தான் தெரியும். அதை நம்பிக் காய்ச்சிக்கொண்டே போனால் ஆறியபின் கரண்டி இறங்காது.

கரண்டிக்_கணக்கு:

பாகுபதம் சொன்ன முறை சரி. சோடாவுக்கு ஏன் அந்த அளவு, சாஸ் ஏன் பூத்துப்போகிறது (சர்க்கரை மறுபடி படிகமாகிறது) என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன். காரணம் தெரிந்தால் அளவை நீங்களே கூட்டிக் குறைக்கலாம்.

120 மில்லி மோரில் இருக்கும் புளிப்பை முறிக்க ஏறக்குறைய கால் தேக்கரண்டி சோடா போதும். அரைத் தேக்கரண்டி போடும்போது பாதி புளிப்போடு தீர்ந்துபோகிறது. மீதிப் பாதி சாஸைக் காரத்தன்மைக்குத் தள்ளுகிறது. காரத்தன்மை ஏறினால் பாலின் புரதமும் பால் சர்க்கரையும் சேர்ந்து சிவப்பது வேகப்படும், அந்த நிறமும் ருசியும் அதனால்தான். ஒரு தேக்கரண்டி போட்டால் தேவைக்கு மேல் நிற்கும் சோடா நாக்கில் சோப்பு மாதிரி வழவழக்கும், உப்பும் கரிக்கும். அந்தக் குறிப்புகள் ஒரு முழுக் கப் மோருக்கு எழுதியவையா என்று பாருங்கள். அரை கப்புக்கு அரைத் தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். வெளிர் நிறம் போதும் என்பவர்கள் கால் தேக்கரண்டியிலேயே நிறுத்தலாம்.

குளிர்ந்த மோரில் சோடாவைக் கலந்த பிறகும் கொதியில் ஏன் மறுபடி பொங்குகிறது? மீந்த சோடா சூட்டில் உடைந்து மீண்டும் வாயு விடும். பால் புரதம் அந்த வாயுவைப் பிடித்து நுரையாக நிறுத்தும். அந்தச் சோடா உடைந்து தீர்ந்ததும் நுரை தானே தணியும். இதனால்தான் முதல் இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

வெள்ளைத் திப்பி என்பது திரிந்த பால். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் புரதம் கட்டிவிடும், பனீர் எடுப்பது அப்படித்தான். சோடா முன்னதாகப் போய்ப் புளிப்பை முறித்துவிட்டால் சூடேறினாலும் அது கட்டாது. சோடாவைக் கடைசியில் போடும் முறையில் திப்பி வருவதற்கு வாய்ப்பு அதிகம். தயிர் ரொம்பப் புளித்திருந்தால் இன்னும் அதிகம். வந்துவிட்டால் சூடாக இருக்கும்போதே டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள், ருசிக்குக் கேடில்லை.

இனி அடியில் இறங்கும் சர்க்கரை. மோரிலும் வெண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் சேர்த்து 125 கிராம் அளவுக்கு வரும். காய்ச்சும்போது 45 கிராம் ஆவியானால் மிஞ்சுவது 80 கிராம். ஃபிரிட்ஜ் குளிரில் 100 கிராம் தண்ணீர் தாங்கும் சர்க்கரை சுமார் 180 கிராம். ஆக 80 கிராம் தண்ணீர் 145 கிராம் அளவுக்குத்தான் தாங்கும். நீங்கள் போட்டிருப்பது 200. மீதி வெளியே வரத்தான் செய்யும். லிக்விட் குளுக்கோஸ் இதற்காகத்தான். வேறு வகைச் சர்க்கரை நடுவில் புகுந்துவிட்டால் சர்க்கரை ஒன்றோடு ஒன்று அடுக்கிப் படிகமாக முடியாது. குளுக்கோஸ் கிடைக்காவிட்டால் அதே அளவு தேன் விடலாம். ஆனால் தேன் சோடாவோடு சேர்ந்தால் சீக்கிரம் சிவக்கும், ஒரு நிமிடம் முன்னதாகவே அணைக்க வேண்டியிருக்கும். இரண்டுமே வேண்டாம் என்றால் சர்க்கரையை 160 கிராமாகக் குறையுங்கள். சாஸ் கொஞ்சம் நீர்த்திருக்கும், அடியில் இறங்குவது வெகுவாகக் குறையும்.

பூத்துப்போவதைத் தடுக்க எலுமிச்சை இந்தச் சாஸில் பயன்படாது. ஜாமூன் பாகில் எலுமிச்சை செய்யும் வேலை, கொதியில் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைப்பது. அதற்குப் புளிப்பு நிலைத்திருக்க வேண்டும். இங்கே சோடா அந்தப் புளிப்பை அங்கேயே முறித்துவிடும். எலுமிச்சையும் வீண், சோடாவும் வீண். வெறும் சர்க்கரைப் பாகுக்கு மட்டும் 200 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி சாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வெறும் பாகு கொதித்த பிறகு கிளறவே கூடாது. கிளறினால் பூக்கும். பக்கவாட்டில் ஒட்டிய ஒரு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தாலே போதும், அதைச் சுற்றி மற்றவை கூடிவிடும். கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி வைத்தால் ஆவியே பக்கங்களைக் கழுவிவிடும். மோர் சாஸிலோ கிளறியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பால் சத்து அடியில் பிடித்துக் கருகும். இதில் கொழுப்பும் புரதமும் இருப்பதால் கிளறுவது அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் சர்க்கரை முழுவதும் கரைந்த பிறகே கொதிக்கவிட வேண்டும். ஜாடியில் ஊற்றும்போது பாத்திரத்தின் பக்கங்களைச் சுரண்டி அதில் சேர்க்காதீர்கள்.

ஏற்கெனவே பூத்துவிட்ட சாஸைத் தூக்கிப் போட வேண்டாம். மூன்று மேசைக்கரண்டி தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி குளுக்கோஸும் விட்டு, சிறு தீயில் துகள் முழுவதும் கரையும் வரை வைத்து, ஒரே ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். ஜாடியைக் கழுவித் துடைத்த பிறகே மறுபடி அதில் ஊற்ற வேண்டும். பழைய துகள் ஒட்டியிருந்தால் இரண்டே நாளில் அதே கதைதான்.

டொராண்டோ_அடுப்படி:

மேப்பிள் சிரப் விலை கட்டாது எண்டு எழுதியிருக்கிறீங்கள். அந்த வாசம்தான் வேணுமெண்டால் உங்கட அடுப்படியிலேயே வழி இருக்கு: வெந்தயம். மேப்பிள் சிரப்பின்ர வாசத்தை நினைப்பூட்டுற சொட்டலோன் எண்ட பொருள் வெந்தயத்திலயும் இருக்கு. செயற்கை மேப்பிள் வாசனைக்கு வெந்தயச் சாறு எடுக்கிறது அதால தான். நியூயார்க்கில 2005இல இருந்து இடைக்கிடை ஊர் முழுக்க மேப்பிள் மணம் வீசி, எங்கயிருந்து வருகுதெண்டு தெரியாமல் சனம் தவிச்சது. 2009இல தான் பக்கத்து நியூஜெர்சியில வெந்தயம் பதப்படுத்துற ஆலையில இருந்து காத்தில வந்தது எண்டு கண்டுபிடிச்சவை.

செய்யிறது லேசு. ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை வெறும் சட்டியில, மணம் வந்து லேசா நிறம் மாறும் வரைக்கும் மட்டும் வறுங்கோ. சிவந்தால் கைப்பு, பிறகு ஒண்டும் செய்யேலாது. இடிக்காமல், முழுசா, 160 மில்லி கொதிதண்ணியில போட்டு மூடி அரை மணித்தியாலம் விடுங்கோ. அரைச்சால் கைப்போட வழுவழுப்பும் இறங்கும். வடிச்ச தண்ணியில 250 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வடிவாக் கரைச்சுக் காய்ச்சுங்கோ. கடைசியில வெனிலா நாலு சொட்டு.

எவ்வளவு காய்ச்சிறது எண்டதுக்கு நிறுத்துப் பாக்கிறதுதான் நல்ல வழி. வெறும் பாத்திரத்தை முதலே நிறுத்து எழுதி வையுங்கோ. உள்ளுக்க இருக்கிற பாகு 380 கிராமுக்கு வந்தால் இறக்கலாம். அதில நூற்றுக்கு 66 பங்கு சீனி நிக்கும், அசல் மேப்பிள் சிரப்புக்கு இஞ்ச வைச்சிருக்கிற அளவும் அதுதான். அதுக்குக் கீழ போனால் பூஞ்சணம் பிடிக்கும், மேல போனால் கற்கண்டாகும். வெப்பமானி இருந்தால், தண்ணி கொதிக்கிற சூட்டை விட 4 டிகிரி கூட. கடற்கரை ஊரில அது 104. ஊட்டியிலயோ நுவரெலியாவிலயோ தண்ணி கொதிக்கிற சூடே குறைவு, அங்க 104க்குக் காத்திருந்தால் பாகு முத்திப்போகும். முதலில வெறும் தண்ணியைக் கொதிக்க வைச்சு அளந்துபோட்டு அதோட 4ஐக் கூட்டுங்கோ.

இதை அசல் மேப்பிளோட பக்கத்தில வைச்சு ருசி பாத்தால் வித்தியாசம் தெரியும், அதை மறைக்கேலாது. ஏறத்தாழ 40 லீற்றர் மரச்சாற்றைக் காய்ச்சி எடுக்கிற ஒரு லீற்றர் சிரப்பில இருக்கிறதெல்லாம் வெந்தயத்தில வராது. ஆனால் பான்கேக்கில ஊத்திச் சாப்பிட நல்லாவே இருக்கும். ஒண்டு மட்டும் கவனம்: கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாதவைக்குச் சிலநேரம் வெந்தயமும் ஒவ்வாது, இரண்டும் ஒரே குடும்பம்.

இலங்கையில இருக்கிறவை இதுக்கெல்லாம் மினைக்கெடவே தேவையில்லை. நல்ல கித்துல் (கூந்தற்பனை) பாணி ஒரு போத்தல் இருந்தால் காணும். அதுவும் மரத்தில இருந்து வடியிற பதநீரைக் காய்ச்சி எடுக்கிறதுதானே. கொஞ்சம் இளஞ்சூடாக்கி, ஒரு கட்டி வெண்ணெயோட பான்கேக்கில விட்டால் மேப்பிளைத் தேடமாட்டியள்.

காலைப்பலகாரம்:

எல்லாருக்கும் நன்றி. சோடாவைக் குளிர்ந்த மோர்லயே போட்டா பொங்கறது பாதியாக் குறையுது, திப்பியும் இல்லை. இன்னும் மூணு சந்தேகம். ஃபிரிட்ஜில வெச்ச சாஸ் மேல மஞ்சளா வெண்ணெய் ஏடு கட்டி நிக்குது, கீழ பாகு தனியா இருக்கு, இது கெட்டதா? எத்தனை நாள் வெச்சுக்கலாம்? வாஃபிள் மேல ஊத்தினா ரெண்டே நிமிஷத்துல ஊறிப் பதபதன்னு ஆயிடுது, பான்கேக்குக்கு அதே சாஸ் சரியா இருக்கு. அப்புறம் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா வெல்லம் போடலாமா?

பாகுபதம்:

ஏடு கெட்டதல்ல. இதில் நாலில் ஒரு பங்கு வெண்ணெய் இருக்கிறது. குளிரில் அது உறைந்து மேலே ஏறும். ஜாடியை வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி, முள்கரண்டியால் வேகமாக அடித்தால் சேர்ந்துவிடும். பிரிந்தே நின்றால் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி அடியுங்கள். மைக்ரோவேவில் என்றால் பதினைந்து பதினைந்து நொடியாக, நடுநடுவே கலக்கி. எப்படிச் சூடாக்கினாலும் மறுபடி கொதிக்க விடாதீர்கள். ஒவ்வொரு கொதிக்கும் தண்ணீர் குறையும், கரண்டிக்_கணக்கு போட்ட கணக்கு மறுபடி கைமீறும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் தனியாக எடுத்துச் சூடாக்குவது இன்னும் நல்லது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடி ஜாடியில், ஈரக் கரண்டி படாமல் இருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். வெளியே வைக்கக் கூடாது, இதில் பால் இருக்கிறது.

வாஃபிள் ஊறுவதற்குப் பாதிக் காரணம் சாஸ், பாதிக் காரணம் தட்டு. வாஃபிள் அச்சிலிருந்து எடுத்ததும் தட்டில் போட்டால் அடியில் ஆவி தங்கி அது தானாகவே நமத்துப்போகும். கம்பித் தட்டின் மேல் வையுங்கள். நிறையச் சுட வேண்டியிருந்தால் 100 டிகிரி ஓவனில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல். சாஸை வாஃபிளுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் காய்ச்சிக் கெட்டியாக வைத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்த பிறகு ஊற்றுங்கள். குழிகளில் நின்றுகொள்ளும், மாவுக்குள் சீக்கிரம் இறங்காது. பான்கேக்குக்கு நேர்மாறு. அது உறிஞ்ச வேண்டும், ஆகவே அதே சாஸில் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் கலந்து நீர்க்கச் செய்து, இளஞ்சூடாக விடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாஸைச் சூடான பான்கேக்கில் ஊற்றினால் வெண்ணெய் திட்டுத் திட்டாக மேலேயே உறைந்து நிற்கும்.

குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு கவனம்: காய்ச்சி இறக்கிய சாஸ் 105 டிகிரியை ஒட்டி இருக்கும், தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடமாவது ஆறவிட்டே மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். சூட்டோடு ஜாடியில் ஊற்றுவதானால் ஜாடியை முதலில் வெந்நீரில் சூடாக்கி, நன்றாகத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி விரிந்துவிடும்.

கருப்பட்டிக்காப்பி:

வெல்லத்தை மோர் சாஸில் போடாதீங்க. வெல்லத்திலேயே ஒரு புளிப்பு உண்டு, அது ஒவ்வொரு உருண்டைக்கும் மாறும். எவ்வளவு சோடா போட்டால் திரியாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. திரியாமல் வந்தாலும், சோடாவோடு சேர்ந்து கன்னங்கரேல் என்று ஆகி வெண்ணெய் ருசியை அமுக்கிவிடும். இனிப்பை மாற்ற வேண்டுமென்றால் பாலையும் மாற்றிவிடுங்க. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சுங்க. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் தொட்டுச் சாப்பிடுகிற நாக்குக்கு இது புதிதும் இல்லை.

கருப்பட்டி 200 கிராம் தட்டி, 100 மில்லி தண்ணீரில் சிறு தீயில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்க. வடிகட்டாமல் விட்டால் மண் பல்லில் நறநறக்கும். அதை மறுபடி அடுப்பில் வைத்து, விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகிற பதத்துக்குக் கொண்டுவாங்க. கம்பி விழக் கூடாது. கம்பி விழுந்தால் பிறகு தேங்காய்ப்பால் விட்டாலும் ஆறும்போது இறுகிவிடும். கெட்டியான முதல் பால் 150 மில்லி எடுத்து, அதில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைப் பச்சையாகவே கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்க. கருப்பட்டிப் பாகை அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் ஆறவைத்து, பாலை மெல்லிய தாரையாக விட்டுக் கலக்கி, மறுபடி மிகச் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் முதல் குமிழ் வந்ததும் ஒரு நிமிடம் கிளறி இறக்குங்க. தளதளவென்று கொதித்தால் தேங்காய் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அந்த ஒரு கரண்டி அரிசி மாவு அதைத்தான் பிடித்து நிறுத்துகிறது. கால் தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீங்க, அது இல்லாமல் கருப்பட்டி ருசி மொட்டையாக நிற்கும்.

சர்க்கரை கலந்த கருப்பட்டி சந்தையில் ஏராளம். உடைத்த இடத்தில் மினுமினுவென்று படிகம் தெரிந்தால் சந்தேகப்படுங்க. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் மணம் தனி. இந்தச் சாஸ் ஃபிரிட்ஜில் மூன்று நாள்தான் தாங்கும், தேங்காய்ப்பால் அதற்கு மேல் காறும். வாஃபிளுக்கு இதைவிட மோர் சாஸ்தான் பொருந்தும். பான்கேக்குக்கு, அதுவும் மாவில் கொஞ்சம் ராகி கலந்து சுட்டால், இதுதான்.

கரண்டிக்_கணக்கு:

யாரும் பழ சாஸைத் தொடவில்லை, சுருக்கமாக அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராபெரி 250 கிராம், சர்க்கரை 60 கிராம், கலந்து இருபது நிமிடம் வைத்தால் பழமே சாறு விடும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். நடுத்தரத் தீயில் ஐந்து நிமிடம். ஒரு தேக்கரண்டி சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்து விட்டு, கொதி வந்தபின் ஒரு நிமிடம். அதற்கு முன் இறக்கினால் மாவு வாடை போகாது, நெடுநேரம் கொதிக்க விட்டால் கெட்டியான சாஸ் மறுபடி நீர்த்துப்போகும். எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, அடுப்பை அணைத்த பிறகே. புளிப்போடு கொதித்தாலும் சோளமாவின் பிடி தளரும். உறைய வைத்த பழமென்றால் பனி உருகிய தண்ணீரையும் சேர்த்தே அடுப்பில் ஏற்றி, சோளமாவை ஒன்றரைத் தேக்கரண்டியாக்குங்கள்.